பிட்சருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிக்கலாமா?

பி.எஸ். சந்திரசேகர் இந்தியாவுக்காக ஆடிய 58 டெஸ்ட்களில் எடுத்த விக்கெட் 242. அடித்த ரன் 167. வீழ்த்திய ஆட்களைவிட எடுத்த ஓட்டம் குறைவு. அவர் மட்டையோடு இறங்கினால் எதிரணி அடுத்த இன்னிங்ஸுக்கு மனதளவில் தயாராகிவிடும். ஆனாலும் அவருக்குப் பதில் நன்றாக அடிக்கிற ஒருவரை அனுப்பலாம் என்று டெஸ்ட் கிரிக்கெட்டில் யாரும் விதி எழுதவில்லை. அமெரிக்காவின் பேஸ்பாலில் எழுதினார்கள். எழுதிவிட்டு ஐம்பது வருடம் சண்டையும் போட்டார்கள். அந்த விதிக்குப் பெயர் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஹெச்.

சண்டை ஏன் என்று புரிய, பேஸ்பாலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

ஓர் அணிக்கு 9 பேர், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். அடித்துவிட்டு, நான்கு மூலைகளில் இருக்கும் பேஸ்களைச் சுற்றி வந்துவிட்டால் ஒரு ரன். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒரு தடவை அடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. அடிக்கும் வரிசை ஆட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த இன்னிங்ஸில் ஐந்தாவது ஆளோடு நின்றால், அடுத்த இன்னிங்ஸ் ஆறாவது ஆளிடமிருந்து தொடங்கும். கிரிக்கெட்டில் பதினோராவது ஆள் மட்டை பிடிக்காமலேயே ஆட்டம் முடிந்துவிடலாம். பேஸ்பாலில் அந்த யோகம் கிடையாது. ஒன்பதாவது ஆளின் முறை இரண்டு, மூன்று தடவை கட்டாயம் வரும். அது பெரும்பாலும் பேஸ்களில் ஆட்கள் ஓடக் காத்திருக்கிற சமயமாகப் பார்த்து வரும்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது பேரில் ஒருவர் பிட்சர். 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து பந்து வீசுவதே அவர் வேலை. தோளும் முழங்கையும் படும் பாட்டில், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வீசுவார். மற்றவர்கள் தினமும் ஆடி, தினமும் மட்டை பிடிக்கிறார்கள். பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவதற்குப் பெயர் ஹிட். பத்துக்கு மூன்று தடவை ஹிட் அடிப்பவர் இந்த ஆட்டத்தில் நல்ல பேட்டர். கணக்கில் 0.300 என்று எழுதுவார்கள். பிட்சர்கள் வழக்கமாக மட்டை பிடித்த கடைசி வருடமான 2021இல் அவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த சராசரி சுமார் 0.110. ஒன்பது தடவைக்கு ஒன்று.

சரி, டிஹெச் என்ன செய்கிறார்? பிட்சரின் முறை வரும்போது அவர் மட்டை பிடிக்கிறார். அவ்வளவுதான். களத்தில் நிற்க மாட்டார், பந்து பிடிக்க மாட்டார். எதிரணி அடிக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மெல்லலாம். இந்தச் சலுகை பிட்சருக்கு மட்டும்தான். வேறு யாராவது மோசமாக அடிக்கிறார் என்பதற்காக அவருக்கு ஆள் வைக்க முடியாது. நடுவில் டிஹெச்சைக் களத்தில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்தலாம். ஆனால் அத்தோடு அந்த அணிக்கு டிஹெச் போச்சு, பிட்சர் தானே மட்டை பிடிக்க வேண்டும்.

யோசனை பழசு. பிலடெல்பியா அணியின் மேனேஜர் கானி மேக் 1906லேயே இதைச் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. கேட்க வைத்தது 1968ஆம் ஆண்டு. அந்த வருடத்தை இன்றும் பிட்சர்களின் வருடம் என்றுதான் சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்தார். அமெரிக்கன் லீக்கில் பேட்டிங் பட்டம் வென்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி 0.301. முதலிடமே அதுதான் என்றால் மற்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அப்படியும் அமெரிக்கன் லீக் 1972இல் பழையபடி சோர்ந்துபோனது. ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு எடுத்தது சராசரியாக 3.47 ரன்.

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் என்பது இரண்டு லீக்குகள் சேர்ந்தது: அமெரிக்கன், நேஷனல். அமெரிக்கன் லீக்கில் ஓக்லண்ட் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி என்று ஒருவர் இருந்தார். கோவேறு கழுதை ஒன்றை அணியின் செல்லமாக வைத்து மைதானத்தில் ஊர்வலம் விட்டவர். மீசை வளர்த்த ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 300 டாலர் கொடுத்தவர். ஆரஞ்சு நிறப் பந்தில் ஆடலாமே என்று வாதாடியவர். டிஹெச்சுக்காக விடாமல் குரல் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய யோசனைகளில் நிலைத்தவற்றில் இதுவும் ஒன்று. மூன்று வருடச் சோதனை என்று சொல்லி அமெரிக்கன் லீக் 1973இல் டிஹெச்சைக் கொண்டுவந்தது. நேஷனல் லீக், எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டது.

1973 ஏப்ரல் 6, பாஸ்டனின் ஃபென்வே பார்க். நியூயார்க் யாங்கீஸின் ரான் ப்ளூம்பெர்க் முதல் இன்னிங்ஸிலேயே மட்டையோடு வந்தார். மூன்று பேஸிலும் ஆட்கள். பாஸ்டனின் லூயிஸ் டியான்ட் வீசியவற்றில் நான்கு பந்து அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போக, ப்ளூம்பெர்க் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்தார். இதற்கு வாக் என்று பெயர். எல்லோரும் ஒரு பேஸ் நகர, ஒரு ரன் வந்தது. வரலாற்றின் முதல் டிஹெச் முதல் வாய்ப்பில் ஹிட் எதுவும் அடிக்காமலேயே பேஸுக்குப் போனார். அணியின் அடிக்கும் முறை முடிந்ததும் பழக்கதோஷத்தில் களத்திலேயே நிற்கப் பார்த்தாராம். பயிற்சியாளர் எல்ஸ்டன் ஹோவர்ட்தான், உனக்கு அங்கே வேலை இல்லை என்று பெஞ்சுக்குக் கூப்பிட்டாராம். அந்த ஆட்டத்தில் பாஸ்டன் 15-5 என்று வென்றது. ப்ளூம்பெர்க்கின் மட்டை கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ்மண்டபத்துக்குப் போனது.

அந்த வருடம் அமெரிக்கன் லீக்கின் 3.47 ரன் 4.28 ஆனது. சோதனை என்ற சொல்லை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஒரே விளையாட்டின் இரண்டு லீக்குகள் இரண்டு விதியோடு பல பத்தாண்டுகள் ஓட்டின. இரண்டின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடருக்கு எந்த விதி? முதல் மூன்று வருடம் டிஹெச் இல்லை. 1976 முதல் 1985 வரை இரட்டைப்படை வருடம் உண்டு, ஒற்றைப்படை வருடம் இல்லை. 1986இலிருந்து யாருடைய மைதானமோ அவர்களுடைய விதி.

நேஷனல் லீக்கும் 1980இல் ஓட்டெடுப்பு நடத்தியது. ஆதரவு 4, எதிர்ப்பு 5, நடுநிலை 3. பிலடெல்பியா சார்பில் வந்திருந்த பில் கைல்ஸ் கடைசி நேரத்தில் முதலாளியிடம் ஒரு விவரம் கேட்க வேண்டியிருந்ததாம். முதலாளி ரூலி கார்ப்பென்டரோ மீன் பிடிக்கப் போயிருந்தார், கைபேசி இல்லாத காலம். கைல்ஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார். பிலடெல்பியா செய்வதையே செய் என்று சொல்லி அனுப்பப்பட்டிருந்த பிட்ஸ்பர்க் பிரதிநிதியும் ஒதுங்கினார். பெரிய தத்துவச் சண்டை என்று நினைத்துப் படித்துக்கொண்டே போனால் இடையில் இப்படி ஒரு தூண்டிலும் வருகிறது. அதற்குப் பிறகு நேஷனல் லீக் தன் மறுப்பைக் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். டிஹெச் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்பவர்கள் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்று ஓர் ஆட்டத்தின் நடுவில் நின்று பார்த்தால்தான் தெரியும். நீங்கள் மேனேஜர். டிஹெச் இல்லாத ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், 1-1. உங்கள் பிட்சர் இன்று அபாரமாக வீசிக்கொண்டிருக்கிறார், எதிரணியால் தொட முடியவில்லை. உங்கள் அணி அடிக்கிறது. இரண்டு பேஸில் ஆட்கள், இரண்டு பேர் அவுட். அடுத்த முறை யாருடையது? அதே பிட்சருடையது. அவரையே அனுப்பினால் ஒன்பதுக்கு எட்டுத் தடவை அவுட், வாய்ப்பு வீண். நன்றாக அடிக்கிற மாற்று ஆளை அனுப்பினால் ரன் வரலாம். ஆனால் வெளியே போனவர் திரும்ப முடியாது என்று முன்பே சொன்னேனே? அந்த அபாரமான கை இன்றைக்கு அவ்வளவுதான். மீதி இன்னிங்ஸ்களை இரண்டாந்தரப் பிட்சர்களை வைத்துத் தாண்ட வேண்டும். மைதானத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பெஞ்சைப் பார்ப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள்.

இதைச் சுற்றியே தந்திரங்கள் வளர்ந்தன. பிட்சரை மாற்றும்போதே களத்தில் நிற்கும் இன்னொருவரையும் மாற்றி, புதிய பிட்சரைத் தள்ளி வரவிருக்கும் இடத்தில் செருகுவது ஒரு வித்தை. அதற்கு டபுள் ஸ்விட்ச் என்று பெயர். ஒன்பதாவதாகப் பிட்சர் வருகிறார் என்றால் எட்டாவது ஆளை வேண்டுமென்றே வாக் கொடுத்து அனுப்பிவிட்டு, வாப்பா வா என்று பிட்சருக்காகக் காத்திருப்பார்கள். பிட்சரும் அடிக்க முயலாமல், மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆகி, பேஸில் இருப்பவரை ஒரு பேஸ் நகர்த்துவார். டிஹெச் வந்தால் இதெல்லாம் ஏறக்குறைய தேவையில்லாமல் போகும். பிட்சர் களைத்தால் மாற்று, இல்லையென்றால் விடு.

இன்னொரு வாதம், பயம் சம்பந்தப்பட்டது. பிட்சர் எதிராளியின் உடம்பைக் குறிவைத்து வீசினால், அடுத்து அவரே மட்டையோடு வந்து நிற்கும்போது அவருக்கும் விழும். டிஹெச் இருந்தால் அந்தப் பயம் இல்லை. இதைப் பொருளியல் அறிஞர்கள்கூட எண்களோடு ஆராய்ந்திருக்கிறார்கள், முடிவில் ஒத்துப்போகவில்லை. எனக்கு இந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. பழிவாங்க நினைக்கிற அணி, பிட்சர் கிடைக்காவிட்டால் அவருடைய நண்பரைக் குறிவைக்கும்.

அப்புறம் பார்டோலோ கொலோன். டிஹெச் எதிர்ப்பாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் இந்தப் பெயர் வந்துவிடும். நியூயார்க் மெட்ஸின் பிட்சர். பருத்த உடம்பு, வயது 42. மட்டையைச் சுழற்றினால் ஹெல்மெட் கழன்று விழும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். 2016 மே 7, சான் டியேகோவில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் வீசிய ஒரு பந்தை இழுத்து அடித்தார். அது இடப்பக்கச் சுவரைத் தாண்டியது. வாழ்க்கையின் முதல் ஹோம் ரன். அந்த வயதில் முதல் ஹோம் ரன் அடித்தவர் மேஜர் லீக்கில் அதற்கு முன் கிடையாது. நான்கு பேஸையும் சுற்றி வர அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. அவர் பெஞ்சுக்குத் திரும்பியபோது சக வீரர்கள் எல்லோரும் ஓடி ஒளிந்துகொண்டு ஆளில்லாப் பெஞ்சைக் காட்டிக் கேலி செய்தார்கள். அந்தக் காணொளியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. டிஹெச் ஆதரவாளனான எனக்கே அதைப் பார்த்தால் மனம் இளகும்.

ஆமாம், நான் ஆதரவுப் பக்கம். காரணம், கொலோனின் அந்த ஓர் அடிக்காக எத்தனை ஆயிரம் சுரத்தில்லாத அவுட்களைப் பார்க்க வேண்டியிருந்தது என்பது. காயம் இன்னொரு காரணம். தைவானிலிருந்து வந்த வாங் சியென்-மிங் யாங்கீஸுக்காக 2006இலும் 2007இலும் தலா 19 ஆட்டங்களை வென்ற பிட்சர். அமெரிக்கன் லீக்காரர், மட்டையே தொடாதவர். 2008 ஜூனில் ஹியூஸ்டனுக்குப் போனபோது, அது அன்றைக்கு நேஷனல் லீக் மைதானம், அவர் மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று. பேஸ்களைச் சுற்றி ஓடும்போது வலது பாதம் பிசகியது. பழைய வாங்கை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நேஷனல் லீக் 21ஆம் நூற்றாண்டுக்கு வந்து சேரட்டும் என்று யாங்கீஸ் உரிமையாளர் குடும்பத்தின் ஹாங்க் ஸ்டைன்ப்ரென்னர் பொருமினார். ஆனால் நேஷனல் லீக்கிலேயே வளர்ந்தவர்களையும் இது விடவில்லை. செயின்ட் லூயிஸின் ஆடம் வெயின்ரைட் 2015 ஏப்ரலில் மட்டை பிடித்துவிட்டு ஓட எடுத்த முதல் அடிகளிலேயே குதிகால் நாண் அறுந்து விழுந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் பக்கம் கொஞ்சம் போங்காட்டம் ஆடுகிறது. பிட்சர்களுக்கு அடிக்க வராது, அதனால்தான் டிஹெச் என்கிறோம். ஏன் வராது? அமெரிக்காவில் பள்ளி அணியின் சிறந்த பிட்சரே பெரும்பாலும் சிறந்த பேட்டராகவும் இருப்பான். கல்லூரிக்குப் போனால் அங்கே டிஹெச். தொழில்முறைக் கீழ்நிலை லீக்குகளுக்குப் போனால் அங்கேயும் பெரும்பாலும் டிஹெச். ஐந்தாறு வருடம் மட்டையைக் கையில் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, நேஷனல் லீக்கில் திடீரென்று இறக்கி, மணிக்கு 95 மைல் வேகப் பந்தை அடி என்றால்? சிந்தித்துப் பார்த்தால் 0.110 அதிகம். பிட்சர்கள் பேட்டிங்கில் பின்தங்கத் தொடங்கியது 1973க்கு வெகு முன்பே என்பது உண்மை. ஆனால் மீதி ஏணியையும் உருவியது இந்த விதிதான். பிலடெல்பியாவின் ரிக் வைஸ் 1971இல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் ஓர் ஆட்டம் முழுக்க வீசி, அதே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்னும் அடித்தார். பேப் ரூத்தே பாஸ்டனில் பிட்சராகத் தொடங்கியவர்தான்.

இந்த இடம் நமக்கும் புதிதல்ல. ஐபிஎல்லில் 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியைப் பற்றி ரோஹித் சர்மா, ஆல்ரவுண்டர்கள் வளர மாட்டார்கள், வாஷிங்டன் சுந்தருக்குப் பந்து வீசவே வாய்ப்பு வருவதில்லை என்ற பொருளில் குறைப்பட்டார். டிஹெச் மீதான பழைய புகாரை அப்படியே கிரிக்கெட்டில் கேட்பது போல இருந்தது.

டிஹெச்சாகவே வாழ்ந்தவர்களுக்கும் தலைவலி இருந்தது. சியாட்டிலின் எட்கர் மார்டினெஸ் 18 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடி 0.312 சராசரி வைத்திருந்தவர். சிறந்த டிஹெச்சுக்கான விருதுக்கே அவர் பெயர்தான். அப்படியும் புகழ்மண்டபத்துக்குள் போக, தகுதிக் காலத்தின் கடைசி வருடமான 2019 வரை காத்திருந்தார். களத்தில் நிற்காதவர் பாதி ஆட்டக்காரர்தானே என்ற முணுமுணுப்பு அவரைத் துரத்தியது. 541 ஹோம் ரன் அடித்த பாஸ்டனின் டேவிட் ஓர்டிஸ் 2022இல் முதல் வாய்ப்பிலேயே உள்ளே போனார். மனநிலை மாறிவிட்டது.

விதியும் அதே 2022இல் மாறியது. இரண்டு லீக்குகளும் பருவத்தின் நடுவில் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியது 1997இல். ஹியூஸ்டன் 2013இல் அமெரிக்கன் லீக்குக்கு மாறி இரண்டு பக்கமும் 15 அணிகள் ஆனபின், பருவம் முழுக்கவே அப்படியொரு மோதல் ஏதாவது ஓரிடத்தில் நடந்தாக வேண்டும். இரண்டு விதியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது அபத்தமாகத் தெரிந்தது. கொரோனா வருடமான 2020இல் பிட்சர்களின் உடம்பைக் காக்க எல்லோருக்கும் டிஹெச் என்று வைத்துப் பார்த்தார்கள். அடுத்த வருடம் பழையபடி எடுத்தார்கள். 2022இல் ஆட்டக்காரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் நிரந்தரமாக்கினார்கள். சங்கம் ஏன் எதிர்க்கப்போகிறது? கால் ஓய்ந்தும் கை ஓயாத மூத்த பேட்டர்களுக்கு நேஷனல் லீக்கிலும் ஒவ்வோர் அணியிலும் ஓர் இடம். ஜப்பானில் பசிபிக் லீக் 1975லேயே டிஹெச்சை ஏற்றது. வீம்பாக மறுத்துவந்த சென்ட்ரல் லீக் 2027இலிருந்து ஏற்கப்போவதாக அறிவித்துவிட்டது.

என்னைக் கேட்டால், முழுசாகக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் அட்லாண்டிக் லீக் என்ற சிறு லீக்கில் ஒரு நடுவழியைச் சோதித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களத்தில் இருக்கும்வரை டிஹெச் உண்டு, அவரை மாற்றினால் டிஹெச்சும் கூடவே போய்விடுவார். களைத்த பிட்சரை எடுப்பதா, டிஹெச்சுக்காக இன்னும் ஓர் இன்னிங்ஸ் இழுப்பதா? மேனேஜரின் அந்த ஏழாவது இன்னிங்ஸ் வயிற்றுக்கலக்கம் பிட்சர் மட்டை பிடிக்காமலேயே திரும்பி வந்திருக்கும். மேஜர் லீக் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மேஜர் லீக் எழுதியது வேறொரு சிறு விதி. அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆள். ஷோஹெய் ஓதானி வீசவும் செய்வார், அடிக்கவும் செய்வார். பழைய விதிப்படி தொடக்கப் பிட்சர் தனக்காகத் தானே மட்டை பிடித்தால், வீசுவதை நிறுத்திய பிறகு களத்தில் வேறு இடத்துக்கு மாற்றினால் ஒழிய ஆட்டத்திலிருந்தே வெளியே. 2022இலிருந்து, அவர் காகிதத்தில் இரண்டு ஆள்: ஒரு பிட்சர், அந்தப் பிட்சருக்குப் பதில் அடிக்கிற ஒரு டிஹெச். பிட்சர் வெளியே போனாலும் டிஹெச் தொடரலாம். ஊர் இதற்கு ஓதானி விதி என்றே பெயர் வைத்துவிட்டது.

2025 அக்டோபர் 17, லாஸ் ஏஞ்சலஸ். டாட்ஜர்ஸுக்காக மில்வாக்கிக்கு எதிராக ஓதானி வீச வந்தார், பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. தன் அணி அடிக்கும்போது முதல் இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், நான்காவதில் ஒன்று. ஏழாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் களைப்புத் தெரிய, மேனேஜர் அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். பழைய விதியாக இருந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இப்போது வெறும் டிஹெச்சாக, அதே ஏழாவது இன்னிங்ஸில் மூன்றாவது ஹோம் ரன்னை அடித்தார்.